வெளிநாட்டில் குடும்பத்தோடு சாப்பிடும்போது படம் எடுப்பது எப்படி

பயணம் முடிந்து வந்து படங்களைப் புரட்டினால், சாப்பாட்டுப் படங்கள் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று, மேலிருந்து எடுத்த தட்டு. இன்னொன்று, மேசையைச் சுற்றி எல்லோரும் கழுத்தை நீட்டி கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம். அந்தத் தட்டு எந்த ஊரில் வந்தது என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். சிரிக்கும் வரிசையோ எந்த ஊரில் எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். பழக்கமில்லாத ஒன்றை முதல் வாய் வைக்கும் குழந்தையின் முகம், பேத்தியின் தட்டிலிருந்து முள் பொறுக்கும் தாத்தாவின் விரல், மெனு புரியாமல் ஒரே அட்டைக்குள் தலையை நுழைத்திருக்கும் மூன்று பேர் என்று நாம் தேடுவது இந்த இரண்டு வகைக்கும் நடுவில் இருக்கிறது. இதற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. எந்த நாற்காலியில் உட்காருகிறீர்கள் என்பதுதான் பாதி வேலையை முடித்துவிடும்.

நாற்காலியைத் தேர்ந்தெடுங்கள்

உள்ளே நுழைந்ததும் ஜன்னல் எங்கே என்று பாருங்கள். ஜன்னலை ஒட்டிய மேசை கிடைத்தால் அதைக் கேளுங்கள். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் வெளிச்சம், மூன்று மீட்டர் உள்ளே தள்ளிப்போனால் பல மடங்கு குறைந்துவிடும். ஜன்னல் உங்களுக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ வரும்படி உட்காருங்கள். எதிரே இருப்பவர்களின் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மென்மையான நிழலும் விழும். நிழல் அதிகமாகத் தெரிந்தால், மெனு அட்டையின் வெள்ளைப் பக்கத்தையோ வெள்ளை நாப்கினையோ நிழல் பக்கத்தில் மேசை மேல் விரித்து வைத்தாலே முகம் கொஞ்சம் தெளியும்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி அவர்கள் உட்கார்ந்தால் முகம் கறுத்துப்போகும். ஆனால் சூடான சாப்பாட்டின் ஆவி படத்தில் தெரிய வேண்டுமென்றால் இந்தப் பின்வெளிச்சம்தான் சரி. ஆவிக்குப் பின்னால் இருண்ட சுவரோ கறுப்புச் சட்டையோ இருக்க வேண்டும். வெளுத்த வானத்துக்கு முன்னால் ஆவி தெரியாது.

வெளியே போட்டிருக்கும் மேசைகளில் பலர் ஏமாறுவது குடையில்தான். சிவப்புக் குடையின் கீழ் உட்கார்ந்தால் எல்லோர் முகமும் சிவந்திருக்கும், பச்சைக் குடை என்றால் நோயாளி மாதிரி தெரியும். கண்ணுக்கு இது அப்போது உறைக்காது, மூளை சரிசெய்துகொள்ளும். கேமரா முழுதாகச் சரிசெய்யாது, பிறகு கணினியில் திருத்துவதும் பெரும்பாடு. வெள்ளைக் குடை அல்லது கட்டட நிழல்தான் பாதுகாப்பு. மர நிழலில் இலை இடுக்கு வழியாக வெயில் திட்டுத் திட்டாக முகத்தில் விழுந்தால், நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தச் சொல்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

பின்னணியையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை வாசல், வெளிச்சமாக எரியும் குளிர்பானப் பெட்டி, பக்கத்து மேசையில் இருக்கும் அந்நியர்கள் ஆகியவை உங்கள் நாற்காலியிலிருந்து எதிரே தெரியாமல் இருந்தால் நல்லது. அறையின் மூலையில் சுவரை ஒட்டி நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் வீட்டார் எல்லோரும் கண்முன் இருப்பார்கள். எழுந்து நிற்கவே வேண்டியிருக்காது.

போனில் எடுப்பவர்களுக்கு

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சாப்பாட்டு மேசையில் போன் எண்ணெய்க் கையோடுதான் எடுக்கப்படுகிறது. விளக்குகளைச் சுற்றிப் புகை மூட்டம்போல ஒரு வளையம் தெரிந்தால் அது கேமராவின் கோளாறு இல்லை, விரல் ரேகை. பருத்தித் துணியால் இரண்டு சுற்று துடைத்தால் போதும்.

பெரும்பாலான போன்களின் வழக்கமான லென்ஸ், பெரிய கேமராக் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. அகலக்கோணம். மேசைக்கு எதிரே இருந்து எடுத்தால் ஓரத்தில் இருப்பவரின் தலை முட்டை மாதிரி நீளும், முன்னால் இருக்கும் டம்ளர் பின்னால் இருக்கும் ஆளைவிடப் பெரிதாகத் தெரியும். ஓரங்களில் ஆட்களை நிறுத்தாமல் மேசையையும் சுவரையும் வையுங்கள். ஒருவர் இருவரை மட்டும் எடுக்க 2 மடங்கு ஜூமுக்குப் போங்கள், முகம் முகமாக வரும். 0.5 என்ற அதி அகலக்கோண லென்ஸ் இடம் காட்டுவதற்கு மட்டும்தான், அதுவும் பகலில்.

வெள்ளை மேசைவிரிப்பு இருந்தால் கேமரா அதைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கும். முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலே இழுத்துக் கொஞ்சம் வெளுப்பாக்குங்கள். கருமரமேசை, மங்கிய விளக்கு என்றால் நேர் எதிர், கீழே இழுக்க வேண்டும். போர்ட்ரெய்ட் மோடைச் சாப்பாட்டு மேசையில் தவிர்ப்பது நல்லது. கண்ணாடி டம்ளரின் விளிம்பையும் கரண்டிக் காம்பையும் பின்னணி என்று நினைத்து அது மழுக்கிவிடும்.

கேமராவில் எடுப்பவர்களுக்கு

முழு ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் மேசைக்குக் கச்சிதம். 50 என்றால் எதிரே இருக்கும் ஓரிருவர்தான் அடங்குவார்கள். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 23 அல்லது 24 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டான இடத்தில் லென்ஸை முழுதாகத் திறந்து வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கணக்கைப் பாருங்கள்: 35 மி.மீ. லென்ஸில் 1.5 மீட்டர் தூரத்தில் எஃப் 2 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது) வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 20 செ.மீ. மட்டும். அருகருகே இருக்கும் இரண்டு முகங்களில் ஒருவர் சற்றுப் பின்னே சாய்ந்தாலும் மங்கிப்போவார். எஃப் 4 என்றால் 45 செ.மீ., எஃப் 5.6 என்றால் 60 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். ஆகவே ஒரு முகத்துக்கு எஃப் 2, இருவருக்கு எஃப் 4, மேசை முழுவதற்கும் எஃப் 5.6. குறையும் வெளிச்சத்தை ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஈடுகட்டுங்கள், 3200 அல்லது 6400 வரை தயங்காமல் போகலாம். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மங்கிய கண்ணை எல்லோரும் கவனிப்பார்கள்.

பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/125 நொடி போதும். பரிமாறும் கை, டம்ளரை உயர்த்துவது, சும்மா இருக்காத குழந்தை என்றால் 1/250.

இதில் வெளிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மின்சார விளக்குகள் பல, மின்னோட்டத்தின் தாளத்துக்கேற்ப ஒளிர்ந்து மங்குகின்றன. ஐரோப்பா, இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கல். அமெரிக்கா, கனடா, தென்கொரியா, தைவானில் 60 ஹெர்ட்ஸ், அதாவது 120 முறை. ஜப்பானில் இரண்டும் இருக்கிறது: டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. ஷட்டர் வேகம் இதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் குறுக்கே கரும்பட்டைகள் விழும், அல்லது அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று மங்கலாகவும் வரும். 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 1/60 அல்லது 1/125 வையுங்கள். சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டர் (திரை அசையாமல் சென்சாரே பதிவது) போட்டிருந்தால் பட்டை இன்னும் மோசமாக வரும். எல்இடி வெளிச்சத்தில் மெக்கானிக்கல் ஷட்டர்தான் நம்பகமானது. கேமராவில் ஆன்டி-ஃப்ளிக்கர் (விளக்கின் துடிப்பைச் சமாளிக்கும்) வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

மேசைக்கு மேலே 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் விளக்கும் பக்கத்தில் 5500 கெல்வின் பகல் வெளிச்சமும் சேர்ந்தால் முகம் பாதி ஆரஞ்சு, பாதி நீலம். எந்த வொயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) இரண்டையும் ஒரேயடியாகச் சரிசெய்யாது. விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். முடியாதென்றால் ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம்.

ஃப்ளாஷ் வேண்டாம். ஃபோகஸுக்கு உதவ முன்னால் எரியும் சிறிய சிவப்பு அல்லது ஆரஞ்சு விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள். அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் அதனால்தான்.

குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளி மேசைக்கு வந்தால் லென்ஸில் பனி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். வெளியே வந்த பிறகும் கேமராவை மூடிய பைக்குள்ளேயே 20, 30 நிமிடம் விட்டுவைத்துப் பிறகு எடுங்கள்.

எப்போது எடுப்பது

பசித்திருக்கும் குழந்தையிடம் "கொஞ்சம் பொறு, படம் எடுத்துக்கறேன்" என்று சொல்லி ஆறிய சாப்பாட்டைப் போட்டால், அடுத்த வேளை கேமராவைப் பார்த்தாலே முகம் சுளிக்கும். ஒரு வேளைக்கு மூன்று முறை மட்டும் கேமராவைக் கையில் எடுங்கள்.

முதல் முறை, சாப்பாடு வருவதற்கு முன். காத்திருக்கும் நேரத்தில் முகங்கள் தாமாகவே சுவாரசியமாக இருக்கும்: மெனுவில் விரல் ஓட்டுபவர், தூங்கி வழிபவர், அடுத்த மேசையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பவர். வெளிச்சத்தையும் அளவுகளையும் இப்போதே சரிசெய்துவிட வேண்டும். மெனு அட்டையையோ வாசல் பலகையையோ ஒரு படம் எடுத்துவிடுங்கள், பிறகு பெயர் தேடும் வேலை மிச்சம்.

இரண்டாவது, தட்டு மேசையில் இறங்கும் நிமிடம். தட்டைப் படம் எடுக்காதீர்கள், தட்டைப் பார்க்கிறவரை எடுங்கள். முதல் வாய்க்கு 5, 6 படங்கள் தொடர்ச்சியாகத் தட்டிவிடுங்கள். வாயைத் திறக்கும்போதும் மெல்லும்போதும் யாருமே அழகாக இருக்கமாட்டார்கள். கரண்டி உதட்டைத் தொடும் முன்னும், விழுங்கி முடித்து முகம் மாறும் போதும்தான் படம். அதற்குப் பிறகு "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு நொடி பொறுங்கள். பதில் சொல்லும் முகம் அல்ல, சொல்வதற்கு முன் யோசிக்கும் முகம். அதோடு கேமராவை வைத்துவிட்டு நீங்களும் சாப்பிடுங்கள்.

மூன்றாவது, முடிந்த பிறகு. மேலிருந்து எடுக்கும் படம் வேண்டுமென்றால் இப்போதுதான். சாப்பிட்டு முடித்த தட்டுகள், கசங்கிய நாப்கின், பாதி டம்ளர், யாரோ ஒதுக்கி வைத்த காய்கறி: புதுத் தட்டைவிட இதில்தான் யார் எங்கே உட்கார்ந்து எப்படிச் சாப்பிட்டார் என்பது தெரியும். நாற்காலி மேல் ஏறாதீர்கள். கையை உயர்த்திப் போனைச் சரித்துப் பிடித்தால் போதும். தலைக்கு மேல் விளக்கு இருந்தால் உங்கள் கை நிழல் மேசையில் விழாதபடி ஓரத்திலிருந்து எடுங்கள்.

எடுப்பவரும் படத்தில் வர வேண்டும்

பத்து நாள் பயணத்தில் ஒருவர் மட்டும் ஒரு படத்தில்கூட இல்லாமல் போவது சகஜம். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, 10 நொடி டைமரில் வையுங்கள். மேசை விளிம்பு உயரத்தில் வைத்தால் டம்ளர்கள் மறைக்கும், ஆகவே அடியில் மடித்த துணியோ புத்தகமோ வைத்து உயர்த்துங்கள். முக்காலியைச் சில உணவகங்கள் அனுமதிப்பதில்லை, நடக்கிற வழியில் வைத்தால் இடறவும் செய்யும்.

டைமர் சத்தம் கேட்டதும் எல்லோரும் விறைத்துக்கொள்வார்கள். பகல் வெளிச்சம் நன்றாக இருந்தால் 4கே வீடியோவில் இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். அதன் ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 8 மெகாபிக்சல், அஞ்சலட்டை அளவுக்கு அச்சிடத் தாராளம். இரவு வெளிச்சத்தில் இது வேலைக்காகாது, கைகள் எல்லாம் இழுபட்டு வரும்.

அடுத்தவர் வீட்டில்

விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தால், உட்காரும் முன்பே கேளுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டால் மறுக்கக் கூச்சப்படுவார்கள். பிரார்த்தனை உண்டா, யார் முதலில் தொடங்குவார்கள் என்று தெரியும்வரை கேமரா பையில் இருக்கட்டும். சமையலறைக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் படத்தை வெளியிடப் பெற்றோரின் சம்மதம் தனி. உணவகத்தில் பரிமாறுபவரை அருகில் வைத்து எடுப்பதானால் கேமராவைக் காட்டி, புருவத்தை உயர்த்திக் கேட்டாலே புரிந்துகொள்வார். சுவரில் கேமராவின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம் இருந்தால் பேச்சே இல்லை.

அன்று இரவே செய்ய வேண்டியவை

போனின் கடிகாரம் தானாக மாறும், கேமராவினுடையது பெரும்பாலும் மாறாது. இரண்டின் படங்களையும் ஒன்றாகப் போட்டால் காலைச் சாப்பாடு இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் போய் உட்காரும். இறங்கியதும் கேமராவில் நேரத்தை மாற்றுங்கள். மறந்துவிட்டால், போன் திரையில் தெரியும் கடிகாரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தின் நேரத்துக்கும் திரையில் தெரியும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, லைட்ரூம் போன்ற மென்பொருளில் எல்லாப் படங்களையும் ஒரேயடியாக நகர்த்திவிடலாம்.

ஒரு வேளைக்கு மூன்று படம் வைத்துக்கொண்டு மீதியை அழியுங்கள், கை நடுங்காமல். இன்னொரு பிரதி வேறு பையில் இருக்கும் டிரைவிலோ மேகச் சேமிப்பிலோ இருக்கட்டும். யாரோ ஒருவர் வீட்டில் எடுத்த படத்தைப் பொதுவில் போடுவதானால் அதிலுள்ள இருப்பிடத் தகவலை நீக்குங்கள், அது அவர்கள் முகவரி. அந்த வீட்டாருக்கு இரண்டு மூன்று படங்களைச் சுருக்காமல், அசல் அளவிலேயே, ஊரைவிட்டுக் கிளம்பும் முன் அனுப்பிவிடுங்கள். "ஊருக்குப் போய் அனுப்பறேன்" என்றால் அனுப்பமாட்டீர்கள்.