கைக்குழந்தை தானே எடுத்து உண்ண மென்மையான உருளைக்கிழங்குத் துண்டுகள்

ஆறு மாதம் நிறைந்த பிறகே தாய்ப்பாலோடு பிற உணவுகளைத் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த வயதில் குழந்தையின் தலை நிலையாக நிற்கிறதா, சிறிது தாங்கல் கொடுத்தால் நிமிர்ந்து உட்காருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர்ப் பக்கத்து வீடுகளில் பருப்புச் சாதமும் கேழ்வரகுக் கஞ்சியும்தான் பெரும்பாலும் முதலில் வரும். அவற்றோடு, குழந்தை தன் கையாலேயே எடுத்து வாயில் வைக்கும் உணவு ஒன்றையும் பழக்க விரும்புவோர் உருளைக்கிழங்கில் தொடங்கலாம்.

நேதாஜி மார்க்கெட்டில் கோலார்க் கிழங்கு, ஊட்டிக் கிழங்கு என எது கிடைத்தாலும் சரி. தோல் தடித்த, முற்றிய கிழங்காக வாங்குங்கள். நகத்தால் சுரண்டினாலே தோல் உரியும் புதுக்கிழங்கு வெந்தாலும் மாவாகாமல் வழவழப்பாகவே இருக்கும். பச்சை நிறம் படர்ந்த கிழங்கையும் முளைவிட்ட கிழங்கையும் குழந்தைக்குச் சமைக்க வேண்டாம். அவற்றில் சேரும் சோலனைன் என்ற நச்சுப்பொருள் வேகவைப்பதால் நீங்கிவிடாது.

முதல் வகை, வெறும் ஆவியில் வேகவைத்த துண்டுகள். கிழங்கைக் கழுவித் தோல் சீவி, பெரியவர்களின் ஆள்காட்டி விரல் அளவுக்கு நறுக்குங்கள். ஆறேழு மாதக் குழந்தை பொருளை உள்ளங்கையால்தான் பற்றும். ஆகவே துண்டின் ஒரு முனை பிடிக்குள்ளும் மறுமுனை வெளியிலும் இருக்கும் அளவுக்கு நீளம் தேவை. இட்லிப் பானையில் தட்டின் மேல் பரப்பி, தண்ணீர் கொதித்த பின் 12 முதல் 15 நிமிடம் வேகவிடுங்கள். ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மெல்ல அழுத்தும்போது நடுப்பகுதி உட்பட எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். ஓரம் நசுங்கி உள்ளே சிறு கடினம் தட்டுப்பட்டால் மீண்டும் பானைக்குள் வையுங்கள். இந்தச் சோதனையை மட்டும் ஒருநாளும் விட்டுவிடக் கூடாது.

வெந்த துண்டு கையில் வழுக்கும். பொட்டுக்கடலையை மாவாகப் பொடித்துச் சலித்து, அதில் லேசாகப் புரட்டினால் பிடி கிடைக்கும்.

இரண்டாம் வகைக்குச் சற்று வேலை உண்டு. ஆனால் உருளைக்கிழங்கில் இரும்புச்சத்தும் புரதமும் குறைவு என்பதால், பருப்பும் கேழ்வரகும் சேரும் இந்த வகையையே வழக்கமாக்கிக்கொள்ளலாம். நடுத்தர அளவுக் கிழங்கு 2, குழைய வேகவைத்துத் தண்ணீர் வடித்த பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி, வறுத்த கேழ்வரகு மாவு 2 மேசைக்கரண்டி, நெய் 1 தேக்கரண்டி ஆகியவை போதும். இவற்றில் குழந்தை இதுவரை உண்ணாத பொருள் இருந்தால், முதலில் அதைத் தனியாகக் கொடுத்து இரண்டு மூன்று நாள் ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று கவனியுங்கள்.

கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவையுங்கள்; நறுக்கி வேகவைத்தால் தண்ணீரைக் குடித்து, பிசைந்த மாவு தளர்ந்துவிடும். தோல் உரித்து இரண்டு நிமிடம் ஆவி போகவிட்டு, சூடு ஆறுவதற்குள் மத்தாலோ கரண்டியின் பின்புறத்தாலோ கட்டியின்றி மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து வெளிப்பட்டுப் பசை போல் இழுக்கும்; அத்தகைய பிசுபிசுப்பு குழந்தையின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைச் சேர்த்துப் பிசைந்து விரல் வடிவில் உருட்டி, தோசைக்கல்லில் நெய் தடவி, சிறு தீயில் மூடிபோட்டுப் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வேகவிடுங்கள். மொறுமொறுப்பு வரக் கூடாது. நெய்க்குப் பதில் நம் ஊர்ச் செக்குக் கடலை எண்ணெயை ஊற்றத் தோன்றும். அதில் வேர்க்கடலைப் புரதம் சிறிது தங்கியிருக்கலாம் என்பதால், வேர்க்கடலை பழகிய குழந்தைக்கு மட்டும் ஊற்றுங்கள்.

ஒரு வயது வரை உப்பும் தேனும் வேண்டாம். சர்க்கரையை இரண்டு வயது வரை தள்ளிப்போடுங்கள். "உப்பில்லாமல் எப்படி இறங்கும்?" என்று பாட்டிமார் கேட்பார்கள், அவர்கள் தட்டுக்குத் தனியாக உப்புத் தூவிக் கொடுத்துவிடலாம். துருவி வேகவைத்த கேரட், சீரகத்தூள், முட்டை ஆகியவற்றையும் சேர்க்கலாம்.

ஊட்டும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்தபடியோ தவழ்ந்தபடியோ உண்ணவிடாமல், பெரியவர் ஒருவர் கண்ணெடுக்காமல் அருகில் இருக்க வேண்டும். முகம் சிவந்து, ஓக்களித்து, இருமித் துண்டை வெளியே தள்ளுவது இயல்பு. அப்போது வாய்க்குள் விரலை விடாதீர்கள். சத்தமே வராமல், இருமவோ அழவோ முடியாமல் திணறினால் அதுதான் மூச்சடைப்பு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் தலை தாழ இருக்குமாறு முன்கையில் குப்புறத் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். அடைப்பு நீங்காவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் மேல் இரண்டு விரலால் 5 முறை அழுத்தி, மாறி மாறித் தொடருங்கள். உடனிருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். இதைக் குழந்தைநல மருத்துவரிடம் முன்கூட்டியே நேரில் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

வேலூர்க் கோடையில் சமைத்த கிழங்கு சீக்கிரம் கெடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மிஞ்சியதை ஆறியவுடன் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் இட்லிப் பானையில் நன்கு சூடேறும்வரை ஆவி காட்டி, ஆறவைத்துக் கொடுங்கள். குழந்தை கடித்து வைத்த துண்டை எடுத்து வைக்க வேண்டாம். நடுவில் மின்சாரம் நெடுநேரம் போயிருந்தால் ஃபிரிட்ஜில் வைத்ததையும் கொட்டிவிடுங்கள்.