பையனுக்காக நாங்கள் போட்டுக்கொண்ட ஏற்பாடு

நான் கடலூரில், மகனின் அப்பா புதுச்சேரியில். பரஸ்பர சம்மதத்தோடு பிரிவது என்று முடிவாகிவிட்டது. பையன் எப்போது யாரிடம் இருப்பான் என்பதில்தான் பேச்சு நின்றது. நீதிமன்றம் சமரச மையத்துக்கு அனுப்பியது. அங்கே பேசுவதை வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. அதனால் மனம்விட்டுப் பேச முடிந்தது.

பையனின் ஒரு வாரத்தை மணிவாரியாக எழுதச் சொன்னார் சமரசர். எழுதியதும் சிக்கல் பிடிபட்டது. ஞாயிறு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவனை ஒப்படைக்கும்போதுதான் ஃபீஸ் பேச்சு, பண்டிகைப் பேச்சு எல்லாம் கிளம்பும். அவன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பான். பாவம், அந்த வயதுக்கு அது பெரிய சுமை.

அதை மாற்றினோம். வெள்ளி மாலை அப்பா பள்ளி வாசலில் அழைத்துக்கொள்வார், திங்கள் காலை அங்கேயே விடுவார். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், சீக்கிரம் கிளம்பினால் போதும். யூனிஃபார்ம் ஒரு செட் அந்த வீட்டிலும் இருக்கும். மருந்து, வீட்டுப்பாடம் டைரியில். அவன் வழியாகச் சேதி அனுப்பக் கூடாது. தீபாவளியும் பொங்கலும் வருஷம் மாற்றி வருஷம். பணம் தாமதமானாலும் பார்க்க வருவது நிற்காது. இதை நான்தான் வற்புறுத்தி எழுத வைத்தேன்.

வாய்ப்பேச்சோடு விடாமல் நீதிமன்ற உத்தரவில் சேர்த்துவிடுங்கள். இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 26-இன்படி பிறகு மாற்றவும் கேட்கலாம். அவன் ஆறாம் வகுப்பு போகும்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்பதையும் எழுதியிருக்கிறோம்.