கொப்பியில் கோடு போட்டுத் தையுங்கள்

இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து வீட்டில் ஒரே மெஷினோடு தைக்கத் தொடங்கி 11 வருஷமாகிறது. மூன்றாவது தீபாவளிக்கு வந்த துணியையெல்லாம் வாங்கிப் போட்டேன். 43 பிளவுஸ். கடைசிக் கிழமை முழுக்கச் சரியான தூக்கமில்லை. ஒரு பட்டுத் துணியில் பிளவுஸின் கைப்பகுதியைத் தவறாக வெட்டிவிட்டேன். அப்புறம் இரண்டு மாதம் தோளைத் தூக்க முடியவில்லை, சம்பாதித்தது மருந்துக்கே போனது. வீட்டில் தைக்கும் தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மணிக்கூட்டைப் பக்கத்தில் வையுங்கள். மெஷினில் உட்காரும் நேரத்தை மட்டும் கணக்கெடுக்காதீர்கள். அளவெடுப்பது, வெட்டுவது, கொக்கி வைப்பது, வந்தவரோடு பேசுவது எல்லாம் சேரும். லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் இரண்டே முக்கால். சரி, அப்படியென்றால் ஒரு நாளைக்கு மூன்றுதான்.

பிறகு ஒரு கொப்பி. நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று கோடு. துணி வந்தால் கோட்டில் பெயர், பாதி முற்பணம். கோடு நிறைந்தால் அடுத்த பக்கத் திகதியைத்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு ஒரே கோடு. பிரித்துத் தைப்பதும், கரண்ட் இல்லாமல் நின்றுபோனதும் அன்றைக்கு முடியும். ஞாயிற்றுக்கிழமைக்குக் கோடே வேண்டாம்.

தீபாவளிதான் கஷ்டம். தோட்டத்துச் சம்பளம் 10ஆம் திகதி, தோட்டத்தில் கொடுக்கும் தீபாவளி முற்பணமும் கைக்கு வந்த பிறகுதான் சனம் துணி எடுக்கும். எல்லாரும் ஒன்றாக வருவார்கள். அதனால் ஆவணியிலேயே அளவெடுத்து எழுதி வைத்துவிடுகிறேன். கொப்பி நிறைந்த பிறகு வருபவரிடம் "முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நான் கொப்பியை விரித்துக் காட்டி, "அக்கா, பொங்கலுக்குக் கட்டாயம் தைத்துத் தாறேன், இப்பவே பேர் எழுதட்டா?" என்று கேட்பேன். பாதிப்பேர் எழுதிவிட்டுப் போவார்கள்.

பாடசாலைச் சீருடை வேறு கணக்கு. அரசாங்கம் கொடுக்கும் துணி பெரும்பாலும் வெள்ளைதான். ஒரே அளவானதைச் சேர்த்து ஒரு நாள் வெட்டுங்கள், மறுநாள் தையுங்கள். நூல்கூட மாற்ற வேண்டாம்.

தொழிலைப் பெருக்குவதை சீசன் நேரத்தில் யோசிக்கவே கூடாது. ஆனி, ஆடி மழையில், நாலு மணிக்கே மூடுபனி ஜன்னலை மறைக்கும் அந்த மாதங்களில் கொப்பியைப் பாருங்கள். அப்போதும் கோடெல்லாம் நிறைந்திருந்தால் மட்டும் அடுத்த அடி வையுங்கள். நான் இரண்டாவது தையல் மெஷின் வாங்கவில்லை, ஓவர்லாக் வாங்கினேன். ஓரம் அடிக்கும் நேரம் மிச்சமானது. அதையும் கிழமைக்குக் கிழமை கட்டும் கடனில் வாங்காதீர்கள். நமக்குக் காசு மாதத்தில் ஒரு தடவைதான் புரளும், மற்றக் கிழமைகளில் தவணைக்காகவே கண்ட துணியையும் வாங்கித் தைக்க வேண்டிவரும். நான் 15ஆம் திகதி கட்டும் சீட்டில் எடுத்தேன்.

ஆள் வைப்பதென்றால் கொக்கியும் கைத்தையலும் முதலில் கொடுங்கள், வெட்டுவதைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். என்னிடம் வரும் பிள்ளைக்கும் தனிக் கொப்பி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு கோடு.