பழைய ரேஸ் சைக்கிள் மலிவாகக் கிடைக்க

இங்கிலாந்தில் பழைய ரேஸ் சைக்கிளை இணைய விளம்பரங்களில் தேடுபவர்கள் 'விண்டேஜ்' என்று போட்டால், விலை தெரிந்தவர்களின் விளம்பரங்கள்தான் முதலில் வரும். 'ஓல்ட் பைக்', 'டாட்ஸ் பைக்', 'கராஜ் கிளியரன்ஸ்' என்று தேடிப் பாருங்கள். ராலே, பெஜோ போன்ற கம்பெனிப் பெயர்களைத் தப்பான ஸ்பெல்லிங்கிலும் தேடுங்கள். பெயரையே சரியாக எழுதாதவர் பெரும்பாலும் விலையையும் விசாரித்திருக்க மாட்டார்.

போட்டோவைப் பெரிதாக்கி, சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயைப் பாருங்கள். 'ரெனால்ட்ஸ் 531' ஸ்டிக்கர் தெரிந்தால் உடனே கிளம்பலாம். 1935-இல் பர்மிங்காமிலிருந்து வந்த இந்த மெல்லிய எஃகுக் குழாயில்தான் பல பத்தாண்டுகள் அருமையான ரேஸ் சைக்கிள்களைச் செய்தார்கள்.

நேரில் போனதும் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சீட் கம்பியின் போல்ட்டைத் தளர்த்தி, கம்பி அசைகிறதா என்று பாருங்கள். குழாய்க்குள் இறுகிப் போயிருந்தால் அதைக் கழற்றுவது பெரும்பாடு. அப்புறம் ஹேண்டிலுக்குப் பின்னால் மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவுங்கள். சின்னப் புடைப்போ பெயிண்ட் சுருக்கமோ தட்டுப்பட்டால் அநேகமாக முன்பக்கம் மோதிய வண்டி. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

டயரில் 27 இஞ்ச் என்றிருக்கிறதா, 700சி என்றிருக்கிறதா? ரிம் விட்டம் முறையே 630, 622 மி.மீ.; ஒன்றின் டயர் மற்றதற்குச் சேராது. 27 இஞ்சிலிருந்து 700சி-க்கு மாற்றினால் பிரேக் கட்டையை 4 மி.மீ. கீழே இறக்க வேண்டும். 1970-களின் பெஜோ என்றால் பெடல் கைகள் சுழலும் அச்சுக்கூட்டில் பெரும்பாலும் பிரெஞ்சு அளவு மரை இருக்கும், உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்காது. அதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.