வீட்டு ஓடிஜியில் மினி பஃப்ஸ்: விருந்துக்கு 40 துண்டுகள்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வீட்டில் பத்துப் பேர் கூடும் நாளில், பேக்கரி அளவு பஃப்ஸ் ஒன்றைச் சாப்பிட்டாலே பாதி வயிறு நிறைந்துவிடும். பிறகு பிரியாணியைப் பார்க்க மனம் வராது. ஒரு வாய், மிஞ்சினால் இரண்டு வாயில் முடிகிற மினி பஃப்ஸ்தான் சாப்பாட்டுக்கு முன் தட்டில் வைக்கச் சரியான பண்டம். ஆளுக்கு நான்கு என்று கணக்கிட்டால் கீழே உள்ள அளவு பத்துப் பேருக்குப் போதும்.

பஃப்ஸ் கஷ்டமான வேலை என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் இதில் கைத்திறனைவிடக் குளிர்ச்சிதான் முக்கியம். மாவுக்குள் இருக்கும் வெண்ணெய் ஓடிஜிக்குள் (மேடையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) போகும்வரை கெட்டியாக இருக்க வேண்டும். நம் ஊர் சமையலறைச் சூட்டில் இதை எப்படிச் சாதிப்பது என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் சப்பாத்தி தேய்க்கிற வேலைதான்.

மாவுக்கு

மைதா – 250 கிராம் (தேய்க்கத் தூவ இன்னும் ஒரு கைப்பிடி)
உப்பில்லாத வெண்ணெய் – 200 கிராம்
உப்பு – அரை டீஸ்பூன்
எலுமிச்சைச் சாறு – 1 டீஸ்பூன்
ஐஸ் தண்ணீர் – 110 முதல் 120 மில்லி

கடையில் உப்புள்ள வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், மாவில் தனியாக உப்பு சேர்க்க வேண்டாம். மைதாவையும் வெண்ணெயையும் கப்பில் அளக்காமல் எடை மெஷினில் நிறுத்துவது நல்லது. ஒரு கப் மைதா, அள்ளுகிற கையைப் பொறுத்து இருபது முப்பது கிராம் கூடும், குறையும். பஃப்ஸில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மசாலாவுக்கு

உருளைக்கிழங்கு – 200 கிராம் (நடுத்தரமாக 2)
பெரிய வெங்காயம் – 1, பொடியாக நறுக்கியது
கேரட், பச்சைப் பட்டாணி – தலா 50 கிராம்
பீன்ஸ் – 5 அல்லது 6
இஞ்சி பூண்டு விழுது – 1 டீஸ்பூன்
மிளகாய்த்தூள் – 1 டீஸ்பூன், கரம் மசாலா – அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் – கால் டீஸ்பூன்
சோம்பு – அரை டீஸ்பூன்
எண்ணெய் – 1 டேபிள்ஸ்பூன், உப்பு, கொத்தமல்லித்தழை

1. முதலில் மசாலா

மசாலா முழுவதும் ஆறியிருக்க வேண்டும் என்பதால் இதிலிருந்து தொடங்குங்கள், முந்தின நாள் இரவே செய்துவிட்டால் இன்னும் நல்லது. உருளைக்கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவையுங்கள். வெட்டிப் போட்டு வேகவைத்தால் தண்ணீர் குடித்துக்கொள்ளும், அந்தத் தண்ணீர் பிறகு பஃப்ஸின் அடியை ஊறவைத்துவிடும். கேரட், பீன்ஸைக் கடுகளவுக்குச் சற்றுப் பெரிதாக, மிகப் பொடியாக நறுக்குங்கள். மினி பஃப்ஸில் ஒரு டீஸ்பூன் மசாலாதான் போகும். பெரிய துண்டு இருந்தால் மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

எண்ணெயில் சோம்பு தாளித்து, வெங்காயத்தை ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். விழுதின் பச்சை வாசம் போனதும் காய்கறிகளைப் போட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி வேகவிடுங்கள். பிறகு மூடியைத் திறந்து தூள்களையும் உப்பையும் சேர்த்து, மசித்த கிழங்கைப் போட்டுக் கிளறுங்கள். கரண்டியால் அழுத்தினால் வாணலியில் ஈரத்தடம் விழக் கூடாது, மசாலா பந்துபோல ஒட்டிக்கொண்டு வர வேண்டும். ருசி பார்க்கும்போது காரமும் உப்பும் ஒரு பிடி தூக்கலாக இருக்கட்டும். மேல் மாவில் காரம் கிடையாது, இரண்டும் சேரும்போது சரியாகிவிடும். கடைசியில் கொத்தமல்லித்தழை தூவித் தட்டில் பரப்பி ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

2. மாவு பிசைவது

வெண்ணெயை ஒரு சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டி ஃபிரீசரில் 15 நிமிடம் வையுங்கள். மைதாவில் உப்பைக் கலந்து அதையும் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. வேலையைக் காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். கிரானைட் மேடை இருந்தால் ஒரு எவர்சில்வர் தட்டில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, தேய்க்கப் போகும் இடத்தில் பத்து நிமிடம் வைத்துவிட்டு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். கல் நன்றாகக் குளிர்ந்துவிடும்.

வெண்ணெய்க் கட்டிகளை மைதாவில் போட்டு, ஒவ்வொன்றையும் விரல் நுனியால் ஒரே ஒரு தடவை அழுத்தித் தட்டையாக்குங்கள், அது போதும். பிஸ்கட்டுக்குச் செய்வதுபோல் உதிரி உதிரியாகத் தேய்த்துவிட்டால் அடுக்குகள் வராது, கடிக்கும்போது நொறுங்குகிற பிஸ்கட்தான் கிடைக்கும். எலுமிச்சைச் சாற்றை ஐஸ் தண்ணீரில் கலந்து, முதலில் 110 மில்லி ஊற்றி முள்கரண்டியால் கிளறுங்கள். கையில் அள்ளி அமுக்கினால் கூடி நிற்க வேண்டும். உதிர்ந்தால் மட்டும் மிச்சத் தண்ணீரைத் தெளியுங்கள். சப்பாத்தி மாவுபோல அடித்துப் பிசைய வேண்டாம். அங்கங்கே வெண்ணெய் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு, பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். இந்தக் கட்டத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். செவ்வகமாக அமுக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சைச் சாறு புளிப்புக்காக அல்ல, மாவின் இழுவையைத் தளர்த்தித் தேய்க்கச் சுலபமாக்குவதற்கு.

3. நான்கு மடிப்பு

மேடையில் கொஞ்சம் மைதா தூவி, மாவை 15 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தேயுங்கள். கட்டையை முன்னும் பின்னும் நேராக ஓட்டுங்கள், வட்டமாகத் தேய்க்கிற பழக்கம் இங்கே உதவாது. மேலே ஒட்டியிருக்கும் உலர் மாவைத் தட்டிவிட்டு, கடிதத்தை மடிப்பதுபோல மூன்றாக மடியுங்கள். மாவைக் கால் வட்டம் திருப்பி மறுபடி அதே அளவுக்குத் தேய்த்து மடியுங்கள். இரண்டு மடிப்பு ஆனதும் 30 நிமிடம் ஃபிரிட்ஜில். பிறகு இன்னும் இரண்டு மடிப்பு, அதன்பின் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில்.

முதல் மடிப்பில் ஓரங்கள் கிழியும், வெண்ணெய் வெளியே எட்டிப்பார்க்கும். பயப்பட வேண்டாம், வெளியே வந்த இடத்தில் மைதாவைத் தொட்டுத் தடவித் தொடருங்கள். மூன்றாவது மடிப்பில் மாவு திடீரென்று வழவழப்பாகிவிடும், வெட்டுப்பக்கத்தைப் பார்த்தால் புத்தகத் தாள்போல மெல்லிய கோடுகள் தெரியும். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு மூன்று மடங்காகிறது: 3, 9, 27, 81. இதற்கு மேல் மடித்துக்கொண்டே போனால் வெண்ணெய் மாவோடு கலந்து அடுக்கே மறைந்துவிடும்.

தேய்க்கும்போது மாவு பளபளவென்று எண்ணெய் கட்டினாலோ, கட்டையில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ அப்படியே நிறுத்திவிடுங்கள். வெண்ணெய் இளகுகிறது என்று அர்த்தம். பாதி மடிப்பில் இருந்தாலும் பரவாயில்லை, தட்டோடு ஃபிரிட்ஜில் 20 நிமிடம் வைத்துவிட்டு வாருங்கள். இந்த இடத்தில் காட்டுகிற அவசரம்தான் பெரும்பாலான பஃப்ஸைக் கெடுக்கிறது.

4. வெட்டி நிரப்புவது

மாவை இரண்டாக வெட்டி ஒரு பாதியை ஃபிரிட்ஜிலேயே விட்டுவிடுங்கள். மற்றதை 3 மில்லிமீட்டர் கனத்தில், 26க்கு 32 சென்டிமீட்டர் செவ்வகமாகத் தேயுங்கள். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் ஓரத்தை வெட்டி எடுத்தால் 24க்கு 30 மிஞ்சும். ஸ்கேல் வைத்து 6 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் 20 துண்டுகள். கத்தி கூர்மையாக இருக்கட்டும், மேலிருந்து நேராக அழுத்தி வெட்டுங்கள். மொக்கைக் கத்தியை இழுத்து வெட்டினால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கம் உப்பவே உப்பாது. ஓரத்தை வெட்டி எடுப்பதும் இதற்காகத்தான், மடிப்பு வளைவு அங்கே அடுக்குகளைப் பூட்டி வைத்திருக்கும்.

ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் மசாலா. இரண்டு ஓரங்களில் மட்டும் விரலால் தண்ணீர் தடவி, முக்கோணமாக மடித்து லேசாக அழுத்துங்கள். முள்கரண்டியால் பல் பதிக்க வேண்டாம், அது அடுக்குகளை மூடிவிடும். மசாலா இன்னும் கொஞ்சம் வைக்கலாமே என்று கை போகும், வைத்தால் வாய் பிளந்துகொள்ளும்.

முட்டை பஃப்ஸ் வேண்டுமானால் கோழிமுட்டை இந்த அளவுக்குப் பொருந்தாது, காடை முட்டை வாங்குங்கள். கொதிக்கும் தண்ணீரில் 4 நிமிடம் வேகவைத்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டு உரித்து, பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். கெட்டியான வெங்காய மசாலா அரை டீஸ்பூன் வைத்து, அதன்மேல் முட்டையின் வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, சதுரத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டை மட்டும் இழுத்து நடுவில் சேருங்கள். பத்து முட்டையில் 20 துண்டுகள் ஆகும்.

5. பேக் செய்வது

வடிவம் கொடுத்த துண்டுகளை பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இரண்டு விரல் இடைவெளியில் அடுக்கி 15 நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள். அந்த நேரத்தில் ஓடிஜியை 200 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி முன்சூடு செய்யுங்கள். விசிறி ஓடும் மாடல் என்றால் 190 போதும். விளக்கு அணைந்ததும் உள்ளே தள்ளிவிடாமல் இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் சூடு சீராகும்.

ஒரு முட்டையை ஒரு டேபிள்ஸ்பூன் பாலோடு அடித்து மேற்பரப்பில் மட்டும் பிரஷால் தடவுங்கள். சைவ விருந்து என்றால் பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரை கரைத்துத் தடவலாம், நிறம் ஓரளவு வரும். எதுவானாலும் வெட்டு ஓரத்தில் வழியக் கூடாது, வழிந்தால் பசைபோல அடுக்குகளை ஒட்டிவிடும்.

நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வைத்து 20 முதல் 22 நிமிடம். முதல் 12 நிமிடம் கதவைத் திறக்கவே வேண்டாம். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. அதுவும் மாவில் உள்ள ஈரமும் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும், அந்த உயரம் இறுகி நிற்பதற்கு முன் சூடு குறைந்தால் எல்லாம் அமுங்கிவிடும். பஃப்ஸ் மேலே பொன்னிறமானால் மட்டும் போதாது. ஒன்றைப் புரட்டிப் பாருங்கள், அடிப்பக்கமும் சிவந்து, தட்டினால் காலி டப்பாபோல ஒலிக்க வேண்டும். மேலே சீக்கிரம் சிவந்து அடி வெளுப்பாக இருந்தால் கடைசி ஐந்து நிமிடம் கீழ்க்கம்பியை மட்டும் எரியவிடுங்கள்.

ஓடிஜியின் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல மாடல்களில் ஒத்துப்போவதில்லை. எனவே முதலில் இரண்டே துண்டுகளை வைத்து நேரம் பார்த்துவிட்டு மீதியை வையுங்கள்.

கோளாறு எங்கே?

தட்டில் வெண்ணெய் உருகிக் குளம் கட்டி, பஃப்ஸ் அதிலேயே பொரிந்தால், ஓடிஜி போதுமான சூடாகவில்லை, அல்லது உள்ளே போகும் முன்பே வெண்ணெய் இளகிவிட்டது. வெளியே சிவந்து உள்ளே பச்சை மாவாக ஒட்டினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் கனம். இன்னொரு பக்கம், சதுரங்கள் வெட்டியதும் சுருங்கி வளைந்தால் மாவு ஓய்வெடுக்கவில்லை, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் கூட்டுங்கள். அடி மட்டும் நமுத்துப் போனால் மசாலாவின் ஈரம், அல்லது மசாலா சூடு ஆறும் முன் வைத்தது.

முன்கூட்டிச் செய்து வைக்க

விருந்து நாளில் மாவு தேய்க்க நிற்காதீர்கள். வடிவம் கொடுத்த காய்கறிப் பஃப்ஸைத் தட்டோடு ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் உறையவைத்து, பிறகு ஜிப் பையில் போட்டால் ஒரு மாதம் வரை இருக்கும். உருகவிடாமல் அப்படியே முட்டை தடவி 200 டிகிரியில் 26 முதல் 28 நிமிடம் பேக் செய்யலாம். முட்டை பஃப்ஸை மட்டும் இப்படி வைக்க முடியாது, அவித்த முட்டையின் வெள்ளை உறைந்தால் ரப்பர்போல ஆகிவிடும்.

பேக் ஆனதைச் சூட்டோடு ஹாட் பேக்கிலோ எவர்சில்வர் டப்பாவிலோ மூடினால் பத்தே நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். கம்பித் தட்டில் காற்றாட வையுங்கள். விருந்தினர் வரத் தாமதமானால் 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் மறுபடி சூடாக்குங்கள், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

வெட்டி எடுத்த ஓரங்களைத் தூக்கிப் போடாதீர்கள். உருட்டிப் பிசையாமல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கித் தேய்த்து, துருவிய சீஸும் கொஞ்சம் ஓமமும் தூவி, விரல் அகலத்துக்கு வெட்டி முறுக்கி, அதே சூட்டில் 12 முதல் 14 நிமிடம் வையுங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு டம்ளரில் நிறுத்தி வைத்தால் பிள்ளைகள் பஃப்ஸுக்கு முன் இதைத்தான் எடுப்பார்கள்.