எம்பிராய்டரியை ஃபிரேம் கடையில குடுக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துக்கோங்க

போன மார்கழியில, பொங்கலுக்கு வீட்டை ஒழுங்கு பண்ணலாம்னு காரைக்குடி வீட்டு ரெண்டாம் கட்டுல இருந்த படத்தையெல்லாம் இறக்கினோம். அதுல அப்பத்தா கம்பளி நூல்ல தச்ச கிளிப் படம் ஒண்ணு. பின்னாடி அட்டையைக் கழட்டினதும் பொலபொலன்னு தூளா கொட்டுது. துணியை அட்டையில மைதா பசை போட்டு ஒட்டியிருக்காங்க, பசையைத் தின்ன வந்த பூச்சி அப்படியே துணியையும் சேத்துத் தின்னுட்டுப் போயிருக்கு, அட்டை பட்ட இடம் பூரா டீக்கறை மாதிரி பழுப்பு. கிளிக்கு மூக்கு இருக்கு, வாலைக் காணோம்.

அதனால மொதல்ல பசை. மைதா பசை, வெள்ளைப் பசை, டபுள் சைடு டேப் எதுவுமே வேண்டாம். டேப் அப்போதைக்கு நல்லா பிடிக்கும், கொஞ்ச வருசத்துல பசை துணிக்குள்ள இறங்கி மஞ்சளாயிரும், துவைச்சாலும் போகாது. கடைக்காரர் "ஒட்டிக் குடுத்துர்றேன் ஆச்சி, சுருக்கமே இருக்காது"ம்பார், தலையாட்டிராதீங்க. நீங்களே அட்டையில இழுத்துக் கட்டிக் கொண்டுபோய்க் குடுத்துருங்க. பெரிய வேலையெல்லாம் இல்ல, கயித்துக் கட்டிலுக்குக் கயிறு போடுற மாதிரிதான். துணியோட நடுவையும் அட்டையோட நடுவையும் சேத்து, அட்டையோட விளிம்புல ஒவ்வொரு பக்கமும் நடுவுல இருந்து மூலைக்கு குண்டூசி குத்திக்கிட்டே போங்க, ஓரத்துணியைப் பின்னாடி மடக்கிக்கோங்க, பட்டன் தைக்கிற கெட்டி நூலை கண்டுல இருந்து வெட்டாம ஊசியில கோத்து மேல ஒரு குத்து கீழ ஒரு குத்துன்னு கடைசி வரைக்கும் போய்ட்டு அப்புறமா ஒவ்வொரு இழையா இறுக்கிக்கிட்டே வாங்க. அது முடிஞ்சதும் இடம் வலமா அதே மாதிரி. என்னைக்காவது கழட்டணும்னா நூலை வெட்டினாப் போதும், துணிக்கு ஒண்ணும் ஆகாது. அட்டை ஆசிட் ஃப்ரீ மவுண்ட் போர்டா வாங்குங்க. சாதா ஹார்ட்போர்டுதான் அந்தப் பழுப்புக்குக் காரணம்.

ஆனா இப்படிக் கட்டணும்னா சுத்தி துணி மிச்சம் இருக்கணுமே, அங்கதான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. கணக்கு சின்னதுதான். கட்டம் எண்ணித் தைக்கிற ஐடா துணி 14 கவுண்ட்னா இஞ்சுக்கு 14 கட்டம், 140 கட்டம் அகலம் உள்ள டிசைன் 10 இஞ்ச் வரும், ரெண்டு பக்கமும் 3 இஞ்ச் விட்டா 16 இஞ்ச் துணி வேணும். துணியை மிச்சம் பிடிக்கிறேன்னு 12 இஞ்ச் வெட்டிட்டு கடைசில பசை டப்பாவைத் தேடக் கூடாது.

அடுத்தது சாயம். செவப்பு நூலை என்னைக்கும் நம்பாதீங்க. துவைக்கிறதுக்கு முன்னாடி வெள்ளைத் துணியை நனைச்சு பின்பக்கம் செவப்பு மேல அழுத்திப் பாருங்க. துவைக்கும்போது சாயம் இறங்க ஆரம்பிச்சா பதறிப் போய் வெளிய எடுத்துக் காயப்போட்டுறாதீங்க, காஞ்சா அதோட கறை ஒக்காந்துரும். தண்ணி தெளியுற வரைக்கும் பச்சத்தண்ணியை மாத்திக்கிட்டே இருங்க. முறுக்கிப் பிழியவும் வேண்டாம், டவல்ல சுருட்டி அழுத்துனா போதும். டிசைன் வரைஞ்ச நீலப் பேனா கோடு இருந்தா மொத தண்ணியில போக்கிட்டுத்தான் அயர்ன் பக்கமே போகணும், சூடு பட்டா அந்தக் கோடு போகவே போகாது. சூட்டுல மறையுற பேனா அதைவிடக் கில்லாடி, அயர்ன் பண்ணா மறைஞ்சிரும், ஒரு துண்டுத் துணியில வரைஞ்சு ஃப்ரீசர்ல வச்சுப் பாருங்க, கோடு சிரிச்சுக்கிட்டு திரும்ப வரும். அயர்ன் பண்றப்ப தடிமனான டவல் விரிச்சு பூவை அது மேல கவுத்துப் போட்டு பின்பக்கமா பண்ணுங்க, நேரா மேல வச்சா தையல் சப்பட்டையாயிரும். ஜரிகை வேலை இருந்தா துவைக்கவே வேண்டாம்.

கேன்வாஸ்ல, அதாவது வலை மாதிரி ஓட்டை இருக்கிற கெட்டித் துணியில, கம்பளி நூல் வச்சு தைக்கிறவங்களுக்கு இன்னொரு தலைவலி, கோணல். எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாஞ்சு போறதால கேன்வாஸே இழுபட்டு சாஞ்ச சதுரமாயிரும். அதை அப்படியே ஃபிரேம் போட்டா படம் பூரா வழுக்கி விழுற மாதிரி இருக்கும். நான் ஆத்தங்குடிக் கல்லு, அதான் எங்க ஊர்ப் பக்கத்து சதுர டைல்ஸ், போட்ட தரையில வச்சுப் பாப்பேன், கல்லோட ஓரத்தோட சேத்து வச்சா எவ்வளவு கோணல்னு அப்பவே தெரிஞ்சிரும். சரி பண்ண அயர்ன் உதவாது. மரப்பலகை மேல வெள்ளைத்துணி விரிச்சு, சதுரத்தைப் பென்சில்ல கோடு போட்டு, கேன்வாஸை லேசா ஈரமாக்கி மூலையை இழுத்து அந்தக் கோட்டுல நிக்கிற மாதிரி துருப்பிடிக்காத பின் நெருக்கமா குத்தி நிழல்ல விட்டுறணும். நல்லா காய ரெண்டு நாளாவது ஆகும், அவசரப்பட்டு சாயங்காலமே எடுத்தா திரும்பவும் சாஞ்சிரும். நான் ஒருதடவ வீட்டுல கெடந்த சாதா ஆணியை அடிச்சு ஓரம் பூரா துருப்பொட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

மாட்டுற இடம். வளவு, அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுத்தி இருக்கிற சுவர்ல மாட்டுனா வர்றவங்க போறவங்க எல்லாரும் பாப்பாங்கங்கிறது சரிதான், ஆனா அங்க வெயில் நேரா இறங்குது, ஐப்பசி கார்த்திகையில சாரலும் அடிக்கும். மொதல்ல வெளுக்கும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். உள்பக்கம் நிழலான சுவரே போதும். கண்ணாடி துணியைத் தொடவே கூடாது, நடுவுல மவுண்ட், அதாவது படத்தைச் சுத்தி வர்ற அட்டைச் சட்டம், வச்சு இடைவெளி விடச் சொல்லுங்க, இல்லன்னா ஈரம் அங்கயே தங்கிரும்.

இன்னொண்ணு, முட்டை வெள்ளைக்கரு சேத்துப் பூசின பழைய சுவர்ல புதுசா ஆணி அடிக்கிற வேலையே வேண்டாம். ஏடு ஏடா பேந்துரும், அந்தப் பூச்சை திரும்பப் பூச ஆள் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்கு நீங்க இன்னும் நாலு கிளி தச்சுறலாம். பழைய ஆணி இருந்தா அதுல, இல்ல மரத்துல மாட்டுங்க. அந்தக் காலத்துல படத்தை முன்னாடி சாய்ச்சு மாட்டியிருப்பாங்க பாருங்க, கீழ நின்னு பாக்கத் தோதா இருக்கும், பின்னாடி காத்தும் போகும்.

துணியை இறுக்கிப் பிடிக்கிற வட்டச் சட்டமான ஹூப்போடயே மாட்டுறது இப்ப ஃபேஷன். தைக்கும்போது பிடிச்ச அதே ஹூப்பைக் கழட்டாம விடாதீங்க, அந்த வட்டத்துல அழுக்கு சேந்து போகாத கறையாயிரும். கழட்டி துவைச்சு வேற ஹூப்ல போடுங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கம் ஒரு சின்ன காடாத் துணியில பேரும் வருசமும் தச்சு வச்சுருங்க. எங்க கிளியில அது இல்ல. அப்பத்தா தச்சதுன்னு நாங்க சொல்றோம், தேவகோட்டையில இருக்கிற சின்ன அப்பத்தா வீட்டுல எங்க ஆத்தா தச்சதாக்கும்ங்கிறாங்க, வால் போனதுக்கு மட்டும் யாரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டேங்கிறாங்க.