ஆவி எஞ்சின் மாடல் இழுக்கவில்லையா? சிலிண்டர் முகத்தைச் சமன் செய்யும் முறை

பாய்லரில் பிரஷர் இருக்கிறது, சேஃப்டி வால்வும் சீறுகிறது, ஆனால் சக்கரம் நாலு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. என் சின்ன ரயில் எஞ்சின் இப்படித்தான் படுத்தியது. பர்னர் திரியை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. சிலிண்டரின் முதுகுப் பக்கம்தான் ஆவி கசிந்துகொண்டிருந்தது.

இது ஊசலாடும் சிலிண்டர் உள்ள எஞ்சின்களுக்கான முறை. பொம்மை ஆவி எஞ்சின் செய்யும் பிரிட்டிஷ் கம்பெனியான மாமோட் 1979-இல் கொண்டுவந்த ரயில் எஞ்சின் அந்த வகை. தனி வால்வ் கிடையாது. சிலிண்டரே ஆடி, தன் துளையை ஆவி வரும் துளைக்கு நேராகக் கொண்டுவரும். சிலிண்டரின் தட்டை முகத்தையும் எஞ்சினில் இருக்கும் தகட்டின் முகத்தையும் ஒரு ஸ்பிரிங் ஒட்டிப் பிடித்திருக்கும். முகம் சமமாக இல்லையென்றால் ஆவி அந்த இடுக்கு வழியே போய்விடும்.

1. நன்றாக ஆறியபின் நட், ஸ்பிரிங், சிலிண்டரைக் கழற்றுங்கள்.

2. சிலிண்டர் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் தீட்டுங்கள்.

3. முகத்தின் நடுவிலிருக்கும் அச்சு ஊசியை (சிலிண்டர் ஆடுவது இதன்மேல்தான்) கழற்றுங்கள். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஊசி நீட்டிக்கொண்டிருந்ததால், முகத்தை இரண்டு பாதியாகத் தனித்தனியே தேய்த்தேன். ஓரமெல்லாம் உருண்டு, கசிவு இரண்டு மடங்கானது. ஊசியை இடுக்கியால் பிடிக்காதீர்கள், மரை கெட்டுவிடும். அதன் மரையில் இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்குங்கள். அப்புறம் உள் நட்டைத் திருப்பினால் ஊசி கழன்று வரும். திரும்பப் பூட்டும்போது ஊசி முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் எவ்வளவு தேய்த்தும் முகம் படியாது. ஊசி முனை உள்ளே பிஸ்டனை உரசவும் கூடாது.

4. தடித்த கண்ணாடிமேல் 600-ஆம் நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), சில சொட்டுத் தண்ணீர். முகத்தை ஒட்டி, தாழ்வாகப் பிடித்து 8 வடிவில் தேய்யுங்கள். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை சிலிண்டரைக் கால் வட்டம் திருப்புங்கள். மை முழுக்கப் போனதும் 1000, பிறகு 2000. எஞ்சினில் இருக்கும் தகட்டையும் இதேபோல் பாருங்கள். வால்வ் தேய்க்கும் பேஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் துகள் பித்தளையில் பதிந்துகொண்டு, ஓட ஓட அரிக்கும்.

5. சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, துளைகளுக்குள்ளும் கழுவுங்கள். 460 தர ஸ்டீம் ஆயில் (ஆவி எஞ்சினுக்கான கெட்டி எண்ணெய்) ஒரு சொட்டு விட்டுப் பூட்டுங்கள். மெல்லிய தையல் மிஷின் எண்ணெயை ஆவி அடித்துக்கொண்டு போய்விடும்.

6. சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று கொடுத்து, இடுக்கில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் நட்டை அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள். நசுக்கிவிடாதீர்கள்: தொடக்கத்தில் சிலிண்டருக்குள் சேரும் தண்ணீர் வெளியேற, அந்த ஸ்பிரிங் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

பின்சேர்க்கை: ஊசி பற்றவைக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடிக்குப் பதில் சமமான அலுமினியத் தகட்டில் ஊசியைவிடச் சில மில்லிமீட்டர் பெரிய துளை போட்டு, பேப்பரிலும் அதே இடத்தில் வெட்டி, ஊசியை அதற்குள் விட்டுச் சின்ன வட்டங்களாகத் தேய்யுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் முகம் சமமாக வரும்.

இன்னொன்று. பிஸ்டனில் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இருந்தால், கழற்றிய கையோடு சூடு தாங்கும் விட்டான் ரப்பர் ரிங் போட்டுவிடுங்கள். கேஜ் 2 பார் காட்டும்போது உள்ளே ஆவி சுமார் 133 டிகிரி செல்சியஸ். சாதாரண நைட்ரைல் ரப்பர் ரிங் அந்தச் சூட்டில் சீக்கிரம் இறுகிப்போகும்.